நோ பார்க்கிங் அபராதமும் ‘சட்டத்துல ஓட்டை’யும்: நெல்லை வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டவுன் ரத வீதியிலோ, வண்ணார்பேட்டையிலோ, பாளை மார்க்கெட் பக்கமோ வண்டியை விட்டுவிட்டுப் போய், திரும்பி வருவதற்குள் செல்போனில் சலான் வந்து கிடப்பவர்களுக்காக இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ஓட்டை’களில் பெரும்பாலானவை கோர்ட்டில் நிற்காது. ஒன்றிரண்டு நிற்கும். அதிலும் கையில் ஆதாரம் இருந்தால்தான்.

அண்ணாச்சி, அபராதம் உண்மையிலேயே எவ்வளவு? ஒருத்தன் ஐநூறுங்கான், இன்னொருத்தன் ஆயிரத்து ஐநூறுங்கான்.

ரெண்டு பேர் சொல்வதும் சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177வது பிரிவில் முதல் தடவை ₹500, அடுத்த தடவையிலிருந்து ₹1,500. முன்பு இது ₹100, ₹300 என்றிருந்தது. 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் புதுத் தொகை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. “முந்தி நூறு ரூவாதான” என்று ஏட்டையாவிடம் மல்லுக்கு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது.

போக்குவரத்தையே அடைக்கிற மாதிரி நிறுத்தினால் 201வது பிரிவும் இருக்கிறது. அதிலும் ₹500 வரை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான், அபராதம் தனி.

அங்க நோ பார்க்கிங் போர்டே கிடையாதே. போர்டு இல்லாத இடத்துல எப்படி கேஸ் போடலாம்?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். போடலாம். 122வது பிரிவு போர்டைப் பற்றிப் பேசவே இல்லை. பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, இடைஞ்சலோ, தேவையில்லாத தொந்தரவோ ஆகும்படி வண்டியை நிற்க விடக்கூடாது என்கிறது, அவ்வளவுதான். நடைபாதை மேல், வளைவில், நாற்சந்தியில், சிக்னல் பக்கத்தில், பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வாசலில், அடுத்தவர் வீட்டு கேட்டை மறித்து, ஏற்கெனவே நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் ரெண்டாவது வரிசையாக: இதெல்லாம் போர்டு இல்லாமலே தப்பு. சாலை விதிகளில் இந்தப் பட்டியல் பல வருஷமாக இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கும்போது படித்ததுதான், நாம் மறந்துவிட்டோம்.

போர்டு இல்லை என்ற வாதம் ஒரே ஒரு இடத்தில் உதவும். மற்றபடி நிறுத்தத் தகுந்த அகலமான சாலை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை, போர்டு வைத்துத் தடை செய்த இடம் என்ற ஒரே காரணத்துக்காக அபராதம் என்றால், அந்தப் போர்டு கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா என்று கேட்கலாம். நம்மூரில் போர்டு இருக்கும். அதன் மேல் யாரோ ஒருவரின் காதணி விழா பிளக்ஸ் தொங்கும். அப்படியானால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற கோணத்தில் போட்டோ எடுங்கள். மறுநாள் போனால் பிளக்ஸ் கழற்றியிருப்பார்கள், போர்டு பளிச்சென்று சிரிக்கும்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுட்டுத்தானே போனேன்?

வண்டி பழுதாகி நிற்கிறது, விலகிப் போங்கள் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வைத்த விளக்கு அது. நிறுத்த அனுமதி தருகிற விளக்கு இல்லை.

வண்டிக்குள்ள ஆள் இருந்தா பார்க்கிங் ஆகாதுல்லா?

சாயங்காலம் ஐந்தரைக்குக் கீழ ரத வீதியில், கோயிலுக்கு எதிரே அல்வா வரிசை நீளும்போது போய்ப் பாருங்கள். கடையை ஒட்டி பைக் ஒரு வரிசை, அதை ஒட்டிக் கார் ஒரு வரிசை. காரில் வீட்டம்மா உட்கார்ந்திருப்பார், ஏசி ஓடும், ஐயா வரிசையில் நிற்பார். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினால், “இந்தா வந்துருவாங்க சார்” என்று பதில் வரும்.

சட்டம் கேட்பது வண்டி இடைஞ்சலாக நின்றதா என்பதை மட்டும்தான். உள்ளே ஆள் இருந்தாரா என்று 122 கேட்பதில்லை. இதில் இன்னொரு வினை, 126வது பிரிவு. லைசென்ஸ் உள்ள ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டிருக்க வேண்டும். வீட்டம்மா இடப்பக்க சீட்டில் இருக்க, ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், தப்பிக்கச் சொன்ன காரணமே ரெண்டாவது தப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆள் இருந்தால் ஒரு நன்மை மட்டும் உண்டு: சொன்னவுடன் எடுத்துவிடலாம். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். அது அவர்கள் பெருந்தன்மை, உங்கள் உரிமை ஆகாது.

பத்து மணி நேரம் வரைக்கும் நிறுத்தலாம்னு சட்டத்துலயே இருக்காமே?

127வது பிரிவைப் பாதி படித்தவர் கிளப்பிவிட்டது. ஆள் இல்லாமல் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ பொது இடத்தில் கிடக்கும் வண்டியை இழுத்துப் போகலாம் என்று அதில் இருப்பது உண்மை. அதே வாக்கியத்தில் ‘அல்லது’ போட்டு, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும் என்று சேர்த்திருக்கிறார்கள். அதற்கு நேரக் கணக்கே கிடையாது.

அதே பிரிவில் உங்களுக்குச் சாதகமான வரி ஒன்றும் உண்டு. இழுத்துப் போகவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, அந்த எல்லைக்குப் பொறுப்பான, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிட வேண்டும். ஆகவே ரோட்டில் நிற்கிற உங்கள் வண்டிக்குக் கடைக்காரரோ, காம்ப்ளெக்ஸ் செக்யூரிட்டியோ தன் போக்கில் சங்கிலி போட்டுவிட்டு இருநூறு கொடு என்றால், அது இந்தச் சட்டப்படி வசூல் இல்லை. போலீஸைக் கூப்பிடுங்கள், பணத்தை எடுக்காதீர்கள்.

சாவியைப் பிடுங்கிட்டாங்களே, அது சரியா?

சாவியை எடுக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. வண்டியைப் பிடித்து வைக்க 207வது பிரிவு இருக்கிறது. அது லைசென்ஸ், ஆர்சி, பெர்மிட் இல்லாத வண்டிகளுக்கானது, வெறும் பார்க்கிங் தப்புக்கு இல்லை. ஆனால் நடுரோட்டில் இதைப் பாடம் எடுத்து ஜெயித்தவர் குறைவு. மெதுவாகக் கேளுங்கள், பெயர்ப் பட்டையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், புகாரைப் பிறகு எழுத்தில் கமிஷனர் ஆபீசில் கொடுங்கள்.

காகிதம் கேட்டால், ஆவணங்களைச் செல்போனில் வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலே போதும். ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது.

சலான்ல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் செல்லாதாம்லா?

எந்த எழுத்து என்பதைப் பொறுத்தது. பெயரில் ‘ன்’னுக்குப் பதில் ‘ண்’ வந்துவிட்டது என்ற வாதமெல்லாம் செல்லாத காசு. சலானை எடுத்துவைத்து இப்படிப் பாருங்கள்: வண்டி எண், வண்டி வகை, தேதி, மணி, இடம், பிரிவு, தொகை, போட்டோ. இந்த எட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா?

தச்சநல்லூர்க்காரர் ஒருவருக்கு வண்ணார்பேட்டையில் நிறுத்தியதாகச் சலான் வந்தது. டிஎன் 72இல் தொடங்கும் எண்ணும் அவருடையதுதான். ஆனால் போட்டோவில் நிற்பது சிவப்பு பைக். அவர் வைத்திருப்பது கறுப்பு ஸ்கூட்டர். படத்தைப் பெரிதாக்கினால் நம்பர் பிளேட்டில் 8 மாதிரி வளைத்து எழுதிய ஒரு 3. அலங்கார எழுத்தில் பிளேட் எழுதிய எவனோ ஒருவனின் அபராதம் இவர் தலையில் விழுந்திருக்கிறது. ஆர்சி, ஸ்கூட்டர் போட்டோ, சலான் போட்டோ மூன்றையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தார். ரத்து செய்துவிட்டார்கள். பேச்சே தேவைப்படவில்லை.

போகாத ஊரிலிருந்து சலான் வந்தாலும் இதே வழிதான். அன்றைக்கு வண்டி இங்கேதான் நின்றது என்று காட்ட ஒர்க்‌ஷாப் பில், ஆபீஸ் கேமரா பதிவு ஏதாவது வேண்டும். காராக இருந்தால் நாங்குநேரி டோல்கேட்டில் பாஸ்டேக் பணம் எடுத்த நேரமே சாட்சி சொல்லும். உங்கள் நம்பரை வேறு எவனாவது மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று பட்டால் உடனே போலீஸில் எழுதிக் கொடுங்கள். ₹500ஐ விடப் பெரிய வம்பு பின்னால் வரலாம்.

ஆறு மாசம் கட்டாம இருந்தா கேஸ் செத்துப் போயிருமாமே?

‘ஓட்டை’களிலேயே கொஞ்சமாவது உயிர் உள்ளது இதுதான். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு கோர்ட் விசாரணைக்கு எடுக்கக்கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து வந்த புதுச் சட்டத்தில் 514. பார்க்கிங் தப்பு இந்த வகைதான்.

ஆனால் கணக்கு நீங்கள் நினைக்கிற மாதிரி ஓடாது. ஆறு மாதத்துக்குள் போலீஸ் கோர்ட்டில் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டால் போதும்; கோர்ட் எப்போது எடுத்துப் பார்த்தது என்பது முக்கியமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாமதத்தை மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதனால் உங்கள் சலான் எந்தத் தேதியில் கோர்ட்டுக்குப் போனது என்று தெரியாமல் ஆறு மாதம் எண்ணிக்கொண்டிருப்பது வீண்.

கோர்ட்டே தள்ளுபடி செய்தால் சந்தோஷம். அதுவரை சலான் கணினியில் உட்கார்ந்திருக்கும். பெயர் மாற்றம், எஃப்சி (தகுதிச் சான்று) என்று ஆர்டிஓ ஆபீசில் போய் நிற்கும்போது அது திரையில் முளைக்கும். “கட்டிட்டு வாங்க” என்பார்கள். வாங்க வந்தவன் பக்கத்திலேயே நிற்பான், அட்வான்ஸ் வாங்கியிருப்பீர்கள். சட்ட வாதமெல்லாம் அந்த இடத்தில் பேச வராது.

கேமரா சலான் ஒரு மாசம் கழிச்சு வருது. அது செல்லுமா?

2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதிப்படி, மின்னணுக் கண்காணிப்பில் பிடிபட்ட தவறுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தடை செய்த இடத்தில் நிறுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. வழக்கு முடியும்வரை பதிவையும் வைத்திருக்க வேண்டும். தாமதத்தை எதிர்வாதமாக வைக்கலாம். முதலில், ஆர்சியில் இருக்கும் செல் நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பாதி வண்டிகளில் ஷோரூம்காரரின் நம்பரோ, புரோக்கர் நம்பரோ கிடக்கிறது. குறுஞ்செய்தி அவருக்குப் போயிருக்கும்.

பைக்கை வித்து ரெண்டு வருஷமாச்சு. சலான் இன்னும் எனக்கே வருது.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தீர்கள், வாங்கினவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அதுதானே நடந்தது? ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குச் சொல்ல வேண்டியது விற்றவர் கடமை, 50வது பிரிவு. அபராதத்தைக்கூட விடுங்கள், அந்த வண்டி யார் மேலாவது மோதினால் நஷ்டஈட்டுக்கு ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. இன்றைக்கே போய் எழுதிக் கொடுங்கள்.

பிரஸ், அட்வகேட் ஸ்டிக்கர் ஒட்டினவன விட்டுருதாங்க. போலீஸ் ஜீப்பே நடுரோட்டுல நிக்குது. நமக்கு மட்டுந்தான் சட்டமா?

ஸ்டிக்கருக்குச் சட்டத்தில் எந்தச் சலுகையும் இல்லை. போலீஸ் வண்டிக்கோ, தப்பு செய்தால் ரெட்டிப்பு அபராதம் என்று 210பி பிரிவே இருக்கிறது: சட்டத்தை அமல்படுத்துகிறவரே மீறினால் இரண்டு மடங்கு. இதை வைத்து உங்கள் அபராதம் குறையாது. போட்டோ எடுத்து நேரம், இடத்தோடு புகார் அனுப்பலாம், தாராளமாக.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அப்பாவ அவசரமாக் கூட்டிட்டுப் போனேன். வெளிய வந்தா சலான்.

அவசரத்துக்குத் தனி விலக்கு என்று மோட்டார் வாகனச் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனால் பெரிய கேட்டைத் தவிர்க்கச் செய்த காரியத்தைக் குற்றமாகப் பார்க்கக்கூடாது என்ற பொது விலக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 19வது பிரிவில் உண்டு. அதைவிட வலுவான ஆயுதம் ஓபி சீட்டு. சீட்டில் உள்ள நேரமும் சலானில் உள்ள நேரமும் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் போக்குவரத்துப் பிரிவு அதிகாரியிடம் காட்டுங்கள். அப்பாவை அட்மிட் செய்துவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்திருந்தால் காட்டாதீர்கள்.

ஏட்டையா கையில நூறு ரூவா குடுத்தா முடிஞ்சிரும்ல?

கொடுப்பவரும் நேரடிக் குற்றவாளி, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்திலிருந்து. வற்புறுத்தி வாங்கினார் என்றால் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் கொடுக்க வேண்டும், அப்போதுதான் தப்பலாம்.

ஆனித் தேருக்கு திடீர்னு வண்டியே வரக்கூடாதுன்னுட்டாங்க. கெஜட்ல போடாமச் செய்யலாமா?

செய்யலாம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினாலே போதும் என்று 115வது பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் நாள் நெல்லையப்பர் தேர் திரும்புகிற முக்கில் வண்டியை விட்டுவிட்டு கெஜட் தேடுகிறவரை, ஊரே சும்மா விடாது.

இடமே குடுக்காம அபராதம் மட்டும் போடுதது நியாயமா?

நியாயம் இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே சொன்னதையெல்லாம் மட்டும் சொல்வது பாதி உண்மை. தேர் ஓட அமைத்த நான்கு வீதிகளில் இன்று ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பாத்திரக்கடையும் ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும். ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க அம்பாசமுத்திரத்திலிருந்து காரில் வந்தால் எங்கே நிறுத்தும்? கேட்டால் “தள்ளிப் போங்க” என்கிறார்கள். எங்கே தள்ளி என்று சொல்வதில்லை.

கோர்ட்டில் இது எதிர்வாதம் ஆகாது. 117வது பிரிவு, நிறுத்துமிடங்களை அரசு தீர்மானிக்கலாம் என்கிறது, தீர்மானித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. சண்டையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, வணிகக் கட்டடம் கட்டுகிறவர் பரப்பளவுக்கு ஏற்றபடி வண்டி நிறுத்த இடம் விட்டுத்தான் பிளான் வாங்க முடியும். பிளானில் கீழ்த்தளம் பார்க்கிங். போய்ப் பார்த்தால் குடோன், அல்லது ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்ட கடை. வாடிக்கையாளர் வண்டி ரோட்டில். அந்த வண்டிக்குச் சலான். கட்டடத்துக்காரருக்கு ஒன்றும் இல்லை.

எரிச்சலை இங்கே செலவழியுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் கேளுங்கள்: இந்தக் கதவு எண்ணுக்கு அனுமதித்த பிளானில் பார்க்கிங் எத்தனை, இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது, எடுத்த நடவடிக்கை என்ன? முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிலை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். பிளானை மீறிய கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்கவே 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 பிரிவுகள் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து ஒரே வீதியின் கட்டடங்களைப் பற்றிக் கேட்டால் மாநகராட்சியில் ஃபைல் நகரும். தனி ஆளாகச் சலானை எதிர்த்து ஒரு நாள் கூலியை விட்டுக் கோர்ட்டில் நிற்பதைவிட இது பிரயோசனம் என்பது என் கருத்து.

ஸ்டாண்டுல காசு குடுத்து விட்டா, டோக்கன்ல ‘வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ன்னு போட்டிருக்கான்.

இது அவர்கள் தேடிக்கொண்ட ஓட்டை. டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலில் 1998இல் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. 2019இல் உச்ச நீதிமன்றம், ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவுக்குத் தப்பிக்க முடியாது என்று சொன்னது. அங்கே சாவி ஓட்டல் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். சாவி உங்களிடமே இருந்தால் வாதம் கொஞ்சம் இளைக்கும். ஆனாலும் காசு வாங்கி, டோக்கன் கொடுத்து, டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விடாத இடம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டோக்கனைத் தூரப் போடாதீர்கள்.

சரி, எதிர்த்துப் பார்க்கணும்னா எப்படி? கட்டணும்னா எங்க?

எதிர்ப்பதென்றால் பணம் கட்டக்கூடாது. கட்டிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்தது, தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஸ்பாட்டில் “கோர்ட்ல பாத்துக்கிடுதேன்” என்று பணிவாகச் சொல்லி, சலானை வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாஹன் தளத்திலேயே ஆட்சேபம் எழுத இடமுண்டு. போட்டோக்களை அதில் ஏற்றுங்கள். சம்மன் வந்தால் வக்கீல் மூலம் ஆஜராகலாம். ஒப்புக்கொள்வதாக இருந்தால் தபாலிலேயே எழுதி, சம்மனில் குறித்த தொகையை அனுப்ப 208வது பிரிவு வழிவிடுகிறது.

கட்டுவதென்றால் அதே பரிவாஹன் தளத்தில் சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ போட்டுக் கட்டலாம். ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று ஏபிகே ஃபைல் (செல்போனில் செயலியை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடாதீர்கள். அரசு எந்தச் சலானையும் அப்படி அனுப்புவதில்லை. அதை நிறுவினால் செல்போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். தெரியாமல் அழுத்திப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க வழியிருக்கிறது.